அகத்திக்கீரை மேல் போட்ட பழி

குளியலறையில் நின்றபடி நான் பெருமிதத்தோடு சிரித்துக்கொண்டிருந்தேன். அது எத்தனை பெரிய முட்டாள்தனம் என்று தெரிய இன்னும் முப்பது மணி நேரம் பாக்கி இருந்தது.

துவாதசி காலை, பத்து மணி இருக்கும். என்னிடமிருந்து வெளியேறிய சிறுநீர், உடன்குடிக் கருப்பட்டியைக் கரைத்து ஊற்றினாற்போல் இருந்தது. கறுப்பிலே கொஞ்சம் சிவப்பு. வேறு எவனாக இருந்தாலும் அலறியிருப்பான். நான் அகத்திக்கீரையை வாழ்த்தினேன்.

எங்கள் வீடுகளில் ஏகாதசிக்குப் பட்டினி கிடந்தால், மறுநாள் துவாதசி விடிந்ததும் அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் என்று சாப்பிட்டு விரதத்தை முடிப்போம். அகத்திக்கீரை பித்தத்தைக் கழிக்கும் என்பது எங்களுக்குப் பெருமாள் இருக்கிறார் என்பதைப்போல உறுதியான சேதி.

“ஏளா செண்பகம்! ஒரு வருசத்துப் பித்தம் மொத்தமா எறங்குதுளா!” என்று உள்ளிருந்தே மனைவிக்கு அறிவித்தேன்.

“கத்தாதிய. அடுத்த வீட்டுக்குக் கேக்கப் போவுது” என்றாள் அடுப்படியிலிருந்து. “கீரை இன்னுங் கொஞ்சம் கெடக்கு. மத்தியானத்துக்கு வைக்கட்டா?”

“வையி. அடியோட கழியட்டும்.”

போன வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதிய, நாய் துரத்திய கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகி, ‘இவ்வளவு பயந்தாங்கொள்ளியா நீங்கள்?’ என்று கேட்டிருந்தார். அம்மா, பயப்பட வேண்டிய இடத்தில் நான் பயந்ததே கிடையாது. அதற்குச் சாட்சிதான் இந்த வாரக் கதை.

தோள் கொடுத்தவன்

முந்தின நாள் மாலையிலிருந்து சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் தாமிரபரணிக் கரையில், நவதிருப்பதிகளில் ஒன்று. பிழைப்பு தூத்துக்குடியில். திருவிழாவுக்கு மட்டும் வருடந்தோறும் போய், பூட்டிக் கிடக்கும் வீட்டைத் திறந்து பெருக்கி, நாலு நாள் தங்குவோம். அந்த வருடம் கருடசேவையும் ஏகாதசியும் ஒரே நாளில் வந்தன. வைகாசிப் புழுக்கம். நான் காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பக்தி என்று வெளியே சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம், “தண்ணி குடிக்காம ஒங்களால இருக்க முடியாதுங்க” என்று செண்பகம் சொல்லியிருந்ததுதான்.

வடமலை என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். விவசாயி. திருவிழா பத்து நாளும் பெருமாளைத் தோளில் சுமக்கும் கூட்டத்துக்கு அவன்தான் தலைவன். மூங்கில் கழிக்கு வேட்டி சுற்றியதுபோல் இருப்பான். நானோ மாதத்தில் நான்கு நாள் ஜிம்முக்குப் போகிறவன். மீதி நாட்களில் அதைப் பற்றிப் பேசுகிறவன்.

கோயில் வாசலில் என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தான்.

“என்னலே சார்வாள், இந்த வருசமாவது தோள் குடுக்கியா, இல்ல வழக்கம்போல வாயி மட்டுந்தானா?”

“நீ அந்தப் பக்கம் நில்லு. நான் இந்தப் பக்கம்.”

“சாப்பிட்டியாலே?”

“ஏகாதசி.”

“தண்ணி?”

“அதுக்கும் ஏகாதசிதான்.”

“கிறுக்குப் பய. எங்க ஆளுவ எல்லாம் செம்பு செம்பா மோர் குடிச்சிட்டு நிக்கானுவ. சரி, நாலு எட்டு நடந்து பாரு. நான் மாத்துன்னதும் வெளிய வந்துரணும். தெரியுதா?”

அந்த ‘மாத்து’தான் இதில் உயிர். பெருமாளும் கருடனும் அமர்ந்த பீடத்தின் அடியில் நீளமான தண்டுகள். தண்டுக்குக் கீழே தோள்கள். ஒவ்வொரு தோளுக்கும் பின்னால் மாற்று ஆள் சும்மா நடந்து வருவான். ஐம்பது அறுபது அடி போனதும் வடமலை “மாத்து!” என்று குரல் கொடுப்பான். சுமப்பவன் விலக, பின்னால் வருகிறவன் நுழைவான். பெருமாள் நிற்க மாட்டார். ஆள்தான் மாறுவான்.

நான் மாறவில்லை.

முதல் “மாத்து!”க்கு என் பின்னால் வந்த ஆள் தோளைத் தட்டினான். “இருக்கட்டும்” என்றேன். இரண்டாவதற்கும் இருக்கட்டும். மாடியிலிருந்தும் வாசலிலிருந்தும் சொந்தக்காரர்கள் போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். படத்தில் நான் விலகிப் போகிற காட்சி இருக்கக் கூடாதல்லவா?

வெறும் நடையாக இருந்திருந்தாலும் பிழைத்திருப்பேன். தெற்குத் தெருவில் மேளம் மாறும். அங்கே முழங்காலை மெல்ல மடித்து இறங்கி, அப்படியே எழுந்து, மறுபடி இறங்கி, பெருமாளை ஊஞ்சலாட்டுவதுபோல் கொண்டுபோவார்கள். மடித்து இறங்கும்போது அத்தனை கனமும் தொடையில் வந்து உட்காரும்.

மூன்றாவது மாற்றுக்கு அப்புறம் தொடையில் தீ. நான்காவதற்கு அப்புறம் தீயும் இல்லை. தொடையே என்னுடையதாக இல்லை. அது பாட்டுக்கு வெடவெடவென்று ஆடியது. என் ஆட்டம் தண்டில் ஏறி, தண்டிலிருந்து பீடத்தில் ஏறி, கருடனின் சிறகில் கட்டியிருந்த சலங்கைகள் கிலுகிலுவென்று குலுங்கின. ஓரத்தில் நின்ற பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

“ஏளா பாருளா, இந்த வருசம் கருடன் நெசமாவே செறகடிக்குதாரு!”

பெருமாளே, சிறகடிப்பது கருடன் இல்லை, பதினோராம் வகுப்பு விலங்கியல் ஆசிரியர் என்று கத்த நினைத்தேன். வாயில் எச்சில் இல்லை. தெரு முடிந்ததும் வடமலை என் இடுப்பு வேட்டியைப் பிடித்து வெளியே இழுத்தான். அப்படியே ஒரு வீட்டு நடையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்கிற சொல்.

விருந்தாளிப் பாடம்

ஆமாம், நான் விலங்கியல் ஆசிரியர். தசை எப்படிச் சக்தி பெறுகிறது, எப்படிச் சோர்கிறது என்பதை இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகத் தூத்துக்குடிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். அதற்கு நானே ஒரு கதை வைத்திருக்கிறேன்.

கடும்பசியோடு ஒரு விருந்தாளி திடீரென்று வீட்டுக்குள் நுழைகிறார். அவர்தான் கடும் உழைப்பு. முதலில் என்ன கொடுப்பீர்கள்? மேசைத் தட்டில் இருக்கிற இரண்டு முறுக்கு. அதுதான் தசைக்குள் தயாராக இருக்கும் ஏடிபி என்ற சக்தி. இரண்டு மூன்று நொடியில் தீர்ந்துவிடும். உடனே அலமாரி டப்பாவைத் திறந்து தட்டை நிரப்புவீர்கள். அது கிரியேட்டின் பாஸ்பேட். பத்து நொடி ஓடும். விருந்தாளி எழுந்திருக்கவில்லை. அவசர அவசரமாக ஃபிரிட்ஜில் இருக்கிற மாவை எடுத்துத் தோசை வார்ப்பீர்கள். அந்த மாவு, தசை சேமித்து வைத்திருக்கும் கிளைக்கோஜன். ஜன்னலைத் திறக்க நேரம் இல்லாமல் வார்ப்பதால் வீடெல்லாம் புகை. ஆக்சிஜன் போதாமல் சக்தி எடுக்கும்போது தசைக்குள் புளிப்பு ஏறுவது அப்படித்தான். ஜன்னலைத் திறந்து, உலை வைத்து, நிதானமாகச் சோறு வடிப்பது கடைசி வழி. அதற்குக் காற்று வேண்டும், ரத்த ஓட்டம் வேண்டும், பொறுமை வேண்டும். விருந்தாளிக்குத்தான் அது இருக்காது.

பிள்ளைகள் சிரிப்பார்கள். நான் அடுத்த கேள்வியைப் போடுவேன்: “தசை இறுகுவதற்குச் சக்தி வேண்டும். தளர்வதற்கு?”

“வேண்டாம் சார்!”

“வேணும்! செத்த உடம்பு ஏன் விறைக்கிறது? தளர்வதற்குச் சக்தி இல்லாததால்தான்.”

வகுப்பு அப்படியே உறைந்துபோகும். வருடத்துக்கு ஒருமுறை அந்த அதிர்ச்சியைக் கொடுப்பதில் எனக்கு அல்ப சந்தோஷம்.

இன்னொன்றும் சொல்வேன். மறுநாள் உடம்பு வலித்தால் லாக்டிக் அமிலத்தைத் திட்டாதீர்கள். அது ஓய்வு எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் வடிந்துவிடும். மறுநாள் வலிப்பது தசைநாரில் விழுந்த கிழிசல்.

ஒரு வருடம் தசையின் சிவப்பைக் காட்டுவதற்காக மீன் சந்தைக்கே போனேன். சூரை மீனின் சதை ஆட்டுக்கறிபோல் சிவப்பு, சீலாவின் சதை வெள்ளை என்று பிள்ளைகள்தான் சொன்னார்கள். நான் மீனைத் தட்டில் பார்த்தறியாதவன். நெற்றியில் நாமம், மூக்கில் கைக்குட்டை.

“சாமி, நாமம் போட்டுக்கிட்டு சூரையா கேக்கீங்க? வீட்டம்மாக்குத் தெரியுமா?” என்றார் மீன் விற்ற அம்மாள்.

“பாடம் நடத்தணும்மா.”

“எல்லாரும் இப்படித்தான் என்னத்தையாவது சொல்லுதாவ” என்று சொல்லி, யாருக்கும் தெரியாமல் இருக்கட்டும் என்று இரண்டு பையில் போட்டுக் கொடுத்தார்.

சூரை ஓயாமல் நீந்துகிற மீன். அதன் தசைக்குள் ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொள்ள ஒரு சிவப்புப் பொருள் இருக்கிறது. மயோகுளோபின். “இது தசையை விட்டு வெளியே வரவே கூடாது. வந்தால் சிறுநீரகத்தை அடைத்துவிடும், சிறுநீர் கறுத்துப்போகும்” என்று அன்றைக்குச் சொன்னேன். கரும்பலகையில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

அதே ஆள்தான் ஐயா, குளியலறையில் அகத்திக்கீரையை வாழ்த்தியவன்.

பெரியவர்

துவாதசி மத்தியானம் கீரையை இரண்டாம் தடவை போட்டுக்கொண்டேன். தொடை இரண்டும் கல். உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்தால் உட்கார முடியவில்லை. அலமாரியில் கிடந்த வலி மாத்திரையில் இரண்டைச் செண்பகத்துக்குத் தெரியாமல் விழுங்கினேன். சாயங்காலம் மறுபடி பார்த்தபோது நிறம் இன்னும் கறுத்திருந்தது. அளவு ஒரு டம்ளர்கூடத் தேறாது. பித்தம் தீர்ந்துவருகிறது என்று முடிவு கட்டினேன்.

மறுநாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூத்துக்குடிக்குக் கிளம்பினோம். பஸ் வந்து நின்றது. செண்பகம் ஏறிவிட்டாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காலைத் தூக்கு என்று காலுக்குச் சொன்னேன். கால் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். அது வேறு யாருடைய காலோ என்பதுபோல் தரையிலேயே நின்றது.

“பெரியவரே, ஏறுதியளா, இல்லியா?” என்றார் கண்டக்டர்.

எனக்கு ஐம்பத்திரண்டு. கண்டக்டருக்கு நாற்பத்தெட்டாவது இருக்கும். கால் தூக்க வராததைவிட அந்தப் ‘பெரியவர்’தான் அப்போது என்னை அதிகமாகத் தாக்கியது என்றால், என் மூளை எந்த நிலையில் இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் வேட்டியோடு காலைக் கையால் அள்ளிப் படியில் வைத்தேன். பின்னாலிருந்து இரண்டு பேர் மூட்டையைத் தள்ளுவதுபோல் தள்ளினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் குளியலறைக்குப் போனேன். குனிந்து தண்ணீர் மொண்டு ஊற்ற முடியாமல் அப்படியே வெளியே வந்தேன். எனக்கு அடுத்துப் போன செண்பகம் உள்ளே வெகுநேரம் நின்றாள். வெளியே வந்தபோது அவள் முகத்தில் ரத்தம் இல்லை.

“இதத்தான் பித்தம்னு சொன்னியளா?”

“அகத்திக்கீர...”

“சட்டையப் போடுங்க.”

அவ்வளவுதான். ஆட்டோவில் ஒரு வார்த்தை பேசவில்லை. வாய் ஓயாத பெண் அவள். அந்த மௌனத்தில்தான் எனக்கு முதல்முதலாகப் பயம் வந்தது.

டாக்டரம்மாவின் கேள்வி

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா பெரியதாழை என்ற மீனவக் கிராமத்துக்காரர். கழுத்தில் சின்னச் சிலுவை, பேச்சில் சுருக்கம்.

“கடுமையா ஏதாவது வேலை செஞ்சீங்களா சார்?”

“அப்படி ஒண்ணும் இல்ல. கோயிலுக்குப் போனேன். கொஞ்சம் நடந்தேன்.”

“கருடனத் தூக்கிட்டு நடந்தாங்க” என்றாள் செண்பகம். “ஒரு தெரு முழுக்க. பச்சைத் தண்ணி குடிக்காம. ஆள் மாத்தக் கூப்பிட்டும் மாத்தாம.”

“வலிக்கு மாத்திரை போட்டீங்களா?”

நான் கூரையைப் பார்த்தேன். செண்பகம் என்னைப் பார்த்தாள்.

“ரெண்டு” என்றேன்.

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டார். “ஏற்கெனவே திணறிக்கிட்டிருக்கிற கிட்னிமேல அதையும் போட்டீங்களா?”

ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். தசை உடைந்தால் ரத்தத்தில் கூடுகிற ஒரு நொதி உண்டு. அதன் அளவை நம்ப முடியாமல் லேபில் இரண்டாம் தடவை சரிபார்த்தார்கள். டாக்டரம்மா கட்டில் ஓரத்தில் வந்து நின்றார்.

“சார், உங்க தொடைச் சதை ஒடஞ்சு ரத்தத்துல ஓடுது. அதுல இருக்கிற செகப்புப் பொருள் கிட்னிய அடைக்குது. எங்க ஊர்லயும் பாத்திருக்கேன். தெனமும் வலை இழுக்கிறவங்களுக்கு வராது. லீவுக்கு வந்து, சவால் விட்டு, ஒரு நாள் முழுக்க இழுக்கிற மாப்பிள்ளைக்குத்தான் வரும்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார்: “சார் பள்ளிக்கூடத்துல என்ன பாடம்?”

“தமிழ்” என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன்.

“விலங்கியல்.”

அவர் அதையும் சீட்டில் எழுதிக்கொண்டார். எழுதாமல் விட்டிருக்கலாம்.

அந்த ஒரு நொடியில் எல்லாம் கோத்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றது. தோசை மாவும் தீர்ந்த பிறகு விருந்தாளியை நான் எழுப்பவே இல்லை. சக்தி தீர்ந்த தசையால் இறுகவும் முடியவில்லை, தளரவும் முடியவில்லை. உள்ளே கால்சியம் புகுந்து தேங்கி, நார் நாராகச் சுவர் உடைந்து, உள்ளே இருக்க வேண்டியதெல்லாம் வெளியே கொட்டியிருக்கிறது. நான் அடிக்கோடு போட்டுச் சொன்ன அதே சிவப்புப் பொருள். இரண்டு நாளாக அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்திருக்கிறேன்.

“பொழைப்பேனா டாக்டர்?”

“உயிருக்கு இப்ப ஒண்ணும் பயமில்ல. செவ்வாய்க்கிழமைக் காலைக்குள்ள யூரின் அளவு கூடணும், நெறம் தெளியணும். இல்லேன்னா டயாலிசிஸ்தான். கிட்னி திரும்பி வருமான்னு அதுக்கப்புறம்தான் பாக்கணும்.”

பாட்டில்கள்

கையில் சலைன் ஏற ஆரம்பித்தது. மூன்றாம் மாடி ஜன்னலில் உப்பளங்கள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன; அதற்கு அந்தப் பக்கம் துறைமுகத்துக் கிரேன்கள். ஊரே உப்பைக் காய்ச்சி எடுக்கிறது, எனக்கு மட்டும் உப்புத் தண்ணீரை உள்ளே இறக்குகிறார்கள் என்று செண்பகத்திடம் ஜோக் அடித்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. மனதுக்குள் உயில் எழுதினேன். ஜிம் டீ-ஷர்ட் யாருக்கு என்பதுவரை முடிவு செய்தேன். பக்கத்துக் கட்டில்காரர் இருமினால் என் கிட்னி போய்விட்டது என்று நர்ஸை அழைத்தேன். நாலாவது முறை நர்ஸ் வரவில்லை.

ஒவ்வொரு முறையும் சிறுநீரை அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் பாட்டிலில் பிடிக்க வேண்டும். செண்பகம் அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். அளவைச் சீட்டில் எழுதுவாள். ஞாயிறு ராத்திரி முழுவதும் கருப்பட்டிதான். திங்கள் காலையும் அதேதான்; பாட்டிலின் அடிப்பாகம்தான் நனைந்தது. முகம் லேசாக வீங்கியிருந்தது.

திங்கள் மத்தியானம் வடமலை வந்தான். கட்டில் அருகே வந்து உட்காராமல் நின்றான்.

“என்ன வடமலை, கருடனுக்கு ஆள் கொறையுதா? கூப்பிட வந்தியா?” என்றேன்.

அவன் சிரிக்கவில்லை.

“நாலாவது மாத்துலயே ஒன் தொட ஆடுறதப் பாத்துட்டேம்லே. அப்பவே வெளிய இழுத்துப் போட்டுருக்கணும். ‘இவன் பேசுத பேச்சுக்கு ஒரு தெரு கெடந்து அனுபவிக்கட்டும்’னு விட்டுட்டேன்.” துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். “பெருமாளுக்கு அடியில நின்னுக்கிட்டு அப்படி நெனச்சேம்லே.”

இத்தனை வருடத்தில் அவன் என்னிடம் கேலி இல்லாமல் பேசியது அதுதான் முதல் தடவை. பதிலுக்கு ஒரு ஜோக் சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“இழுத்திருந்தா மட்டும் வந்திருப்பேனாலே?” என்றேன் கடைசியில்.

“வந்திருக்க மாட்ட” என்றான். பிறகுதான் உட்கார்ந்தான்.

செவ்வாய்க்கிழமை விடிந்தது. டாக்டரம்மா வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. எனக்கு முட்டிக்கொண்டு வந்தது. பாட்டிலைப் பிடித்தபடி கண்ணை இறுக மூடிக்கொண்டேன். நிறத்தைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. சத்தம் மட்டும் கேட்டது. நீண்ட நேரம் கேட்டது.

செண்பகம் பாட்டிலை வாங்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். திரும்பி வரவில்லை. ஒற்றைக் கண்ணைத் திறந்தேன். கிழக்கு வெளிச்சத்தில் பாட்டிலைத் தூக்கிப் பிடித்திருந்தாள். முக்கால் பாட்டில். பால் ஊற்றாத டீயின் நிறம். அதிலும் அதே தூளில் இரண்டாம் தடவை போட்ட வெளிர் டீ. அதன் வழியாக ஜன்னல் கம்பி தெரிந்தது.

அவள் நர்ஸிடம் காட்டிவிட்டு வந்தாள். சீட்டில் அளவை எழுதினாள். பேனாவை மூடினாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, நாற்காலியைக் கட்டில் ஓரத்துக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு நாளாக அடைத்துக் கிடந்தது திறந்தது.

“பொண்ணு பாக்க வந்தன்னிக்கே எங்கப்பா சொன்னாவ, இந்தப் பையன் கொஞ்சம் அலட்டல் பேர்வழியா தெரியுதுன்னு. நான்தான் கேக்கல. மால மாத்தும்போது என்ன செஞ்சிய? மாமனத் தூக்கச் சொன்னா, வேண்டாம் நானே குதிப்பேன்னு குதிச்சு மணவறத் தூணைச் சாச்சியளா இல்லியா? அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்...”

குரல் ஏறிக்கொண்டே போனது. நர்ஸ் வந்து, “அம்மா, மெதுவா, பேஷண்ட் ரெஸ்ட் எடுக்கணும்” என்றார்.

“அவங்க பேசட்டும் சிஸ்டர்” என்றேன். தலையணையில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன். அவள் இன்னும் கல்யாணப் பந்தலையே தாண்டவில்லை.